ஓட்ஸ் கஞ்சிக்கு என்ன குறைச்சல்?

ஸ்காட்லாந்தின் வடபகுதியில், மலைகளுக்கு நடுவே கார்பிரிட்ஜ் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. அக்டோபர் மாதம் வந்தால் அங்கே ஓர் உலகப் போட்டி களைகட்டும். ஓட்டப்பந்தயமா, சதுரங்கமா என்று கேட்காதீர்கள். கஞ்சி காய்ச்சும் போட்டி! 1994ஆம் ஆண்டு தொடங்கிய இந்தப் போட்டிக்குப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். பரிசின் பெயர் ‘தங்க ஸ்பர்ட்டில்’. ஓட்ஸ் கஞ்சி கிண்டுவதற்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் வைத்திருக்கும் உருண்டை மரக்கழிக்குத்தான் ஸ்பர்ட்டில் என்று பெயர்.

முதன்மைப் போட்டியில் மூன்று பொருள்களுக்கு மட்டுமே இடம்: ஓட்ஸ், தண்ணீர், உப்பு. பால் கூடாது, சர்க்கரை கூடாது, பழம் கூடாது. பதம், சுவை, நிறம் இவற்றைப் பார்த்து நடுவர்கள் முடிவு சொல்வார்கள்.

அந்த உலக வாகையர் காய்ச்சிய கஞ்சியை ஒரு கிண்ணம் நம் முன்னால் வைத்துக்கொள்வோம். 40 கிராம் ஓட்ஸில் காய்ச்சியது என்றால், அதில் உள்ள புரதம் சுமார் 5 கிராம். பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 32 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. தங்கப் பரிசு வாங்கிய கஞ்சியால் அதில் ஆறில் ஒரு பங்கைக்கூடத் தர முடியவில்லை!

கார்பிரிட்ஜில் இன்னொரு பிரிவும் உண்டு. அதில் ஓட்ஸோடு எதை வேண்டுமானாலும் சேர்த்துச் சமைக்கலாம். இன்று நாம் அந்தப் பிரிவில்தான் இறங்கப்போகிறோம். நம் கிண்ணத்தில் புரதம் நிறைய இருக்க வேண்டும். அந்தப் புரதம் நல்ல தரமாகவும் இருக்க வேண்டும். அளவு ஒரு கணக்கு, தரம் இன்னொரு கணக்கு. இரண்டும் ஒன்றல்ல என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பீர்கள்.

முதலில் தானியத்தைத் தெரிந்துகொள்வோம். ஓட்ஸ் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் உறவு. குளிரும் ஈரமும் இருந்தால் செழித்து வளரும். கோதுமை சரியாக விளையாத ஸ்காட்லாந்து மண்ணில் ஓட்ஸ் நன்றாக விளைந்ததால், அந்த மக்களைப் பல நூற்றாண்டுகள் அதுவே காப்பாற்றியது. நம் நாட்டிலும் வட மாநிலங்களில் ஓட்ஸ் பயிராகிறது. ஆனால் பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்காக.

பல தானியங்களைவிட ஓட்ஸுக்கு ஒரு சிக்கல் அதிகம். 100 கிராம் வெள்ளை அரிசியில் 1 கிராம் கொழுப்புகூட இருக்காது. ஓட்ஸில் 7 கிராம் அளவுக்கு இருக்கும். கூடவே அந்தக் கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் என்ற நொதியும் தானியத்துக்குள்ளேயே இருக்கிறது. முழு மணியாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்கும். மணியை உடைத்தாலோ நசுக்கினாலோ இரண்டும் கலந்துவிடும். அப்புறம் சில நாட்களில் சிக்கு வாடை அடிக்கும், கசக்கும். அதனால் ஆலையில் உமி நீக்கிய கையோடு ஓட்ஸை நீராவியில் சூடாக்கிக் காயவைக்கிறார்கள். நொதியும் ஒரு புரதம்தான். புரதத்துக்கு அதன் வடிவம் முக்கியம். சூடு பட்டதும் வடிவம் குலைந்து நொதி தன் வேலையை மறந்துவிடும். கடையில் வாங்கும் ஓட்ஸ் பச்சைத் தானியம் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமையலில் இது நமக்குப் பயன்படும்.

சூடுபடுத்திய மணியை எஃகுக் கத்தியால் இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் கிடைப்பது ஸ்டீல் கட் ஓட்ஸ். அது வேக இருபது, முப்பது நிமிடம் ஆகும். முழு மணியை மறுபடி ஆவியில் இளக்கி உருளைகளுக்கிடையே விட்டுத் தட்டையாக்கினால் ரோல்டு ஓட்ஸ். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். இன்னும் மெலிதாக நசுக்கினால் ஓரிரு நிமிடமே போதும். தானியம் எவ்வளவு மெலிதோ, தண்ணீர் உள்ளே போக வேண்டிய தூரம் அவ்வளவு குறைவு. மாவுச்சத்து மணிகள் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் தண்ணீரைக் குடித்து உப்பி வெடிக்கின்றன. கஞ்சி கெட்டியாவது அப்போதுதான். ரோல்டு ஓட்ஸே நம் சமையலுக்கு நல்லது. பள்ளிக்குப் போகும் அவசரத்துக்கும் ஆகும். மிக மெலிதான இன்ஸ்டன்ட் ஓட்ஸைவிடச் சற்று நிதானமாகச் செரிக்கும்.

இப்போது ஒரு சோதனை. இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு கரண்டி ஓட்ஸ், இன்னொன்றில் ஒரு கரண்டி அரிசி. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு அந்தந்தத் தண்ணீரை விரல் நுனியில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். அரிசித் தண்ணீர் வெறும் தண்ணீராகவே இருக்கும். ஓட்ஸ் தண்ணீர் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்புக்குக் காரணம் பீட்டா-குளுக்கான் என்ற நார்ச்சத்து. 100 கிராம் ஓட்ஸில் இது 4 கிராம் அளவுக்கு இருக்கிறது. நம் குடலுக்குள்ளும் இதே வழவழப்புத்தான் உண்டாகிறது. உணவுக் கூழ் கெட்டிப்பட்டு மெதுவாக நகர்கிறது. சர்க்கரை ரத்தத்தில் சேர்வதும் மெதுவாகிறது. சீக்கிரம் பசிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா-குளுக்கான் சாப்பிட்டால் இதய நோய் வரும் வாய்ப்பு குறையலாம் என்ற செய்தியைப் பொட்டலத்தில் அச்சிட, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதி கொடுத்தது. உங்கள் தாத்தாவுக்கு மருத்துவர் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

சரி, புரதத்துக்கு வருவோம்.

உங்கள் தலைமுடி புரதம். நகம் புரதம். ரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதம். உமிழ்நீரில் இருக்கும் அமிலேஸ் நொதியும் புரதம். அதைச் சோதித்தும் பார்க்கலாம்: உப்பும் சர்க்கரையும் போடாத ஒரு வாய் கஞ்சியை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். மெல்ல ஓர் இனிப்பு தட்டும். மாவுச்சத்தை அமிலேஸ் சர்க்கரையாக உடைத்துக்கொண்டிருக்கிறது!

இத்தனை விதமான புரதங்களும் அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகள் கோத்துக்கோத்து உண்டானவை. அமினோ அமிலங்களில் 20 வகை. பதினொன்றை நம் உடலே தயாரித்துக்கொள்ளும். மீதி ஒன்பதைச் சாப்பாட்டிலிருந்துதான் பெற வேண்டும். அந்த ஒன்பதும் எவை என்று கண்டுபிடித்த கதை சுவையானது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கம்மிங் ரோஸ் என்ற வேதியியலாளர் இருந்தார். 1930களில் அவர் எலிக்குஞ்சுகளுக்குப் புரதமே இல்லாத உணவு கொடுத்தார். புரதத்துக்குப் பதிலாக, அதுவரை அறிவியலுக்குத் தெரிந்திருந்த அமினோ அமிலங்களை எல்லாம் தனித்தனியே எடுத்து அளந்து கலந்து கொடுத்தார். எல்லாம்தான் இருக்கிறதே, எலிகள் வளர வேண்டும் அல்லவா? வளரவில்லை. எடை குறைந்தது. அதே உணவில் பால் புரதமான கேசீனைக் கொஞ்சம் சேர்த்தால் வளர்ந்தன. ரோஸ் யோசித்தார். அதுவரை யாருமே பார்த்திராத ஓர் அமினோ அமிலம் கேசீனுக்குள் இருக்க வேண்டும். தேடினார், புரதத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, 1935இல் அதைப் பிடித்தும்விட்டார். அதன் பெயர் திரியோனின். எலிகள் வளரத் தொடங்கின.

எலிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா? 1940களில் ரோஸின் ஆய்வுக்கு மாணவர்கள் சிலர் தாமாக முன்வந்தார்கள். அவர்களுடைய உணவு மாவுச்சத்து, சர்க்கரை, வெண்ணெய்க் கொழுப்பு, வைட்டமின்கள், தூய அமினோ அமிலங்கள் என்று அமைந்தது. ருசி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் அமினோ அமிலத்தை நீக்கிவிட்டு, அவர்கள் உடலுக்குள் போகும் நைட்ரஜனையும் சிறுநீர், மலம் வழியாக வெளியேறும் நைட்ரஜனையும் அளந்தார்கள். புரதத்தில் நைட்ரஜன் உண்டு. உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகமானால், உடல் தன் சொந்தப் புரதத்தையே கரைக்கிறது என்று பொருள். இன்றியமையாத அமினோ அமிலம் ஒன்று இல்லாவிட்டால் மாணவர்களுக்குப் பசி மந்தமாகி, சோர்வும் எரிச்சலும் வந்தன. திரும்பச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. இப்படித்தான் எட்டு அமினோ அமிலங்கள் பட்டியலில் ஏறின. ஹிஸ்டிடின் பிற்பாடு ஒன்பதாவதாகச் சேர்ந்தது.

அந்த ஒன்பதில் ஒன்று லைசின். ஓட்ஸ் கஞ்சியின் குறைச்சல் அதில்தான் இருக்கிறது.

கதம்பம் கட்டும்போது கவனித்திருக்கிறீர்களா? மல்லிகை, மரிக்கொழுந்து, கனகாம்பரம் என்று ஒரு வரிசையில் வைத்துக் கட்டுவார்கள். கூடையில் மல்லிகை மலைபோல் குவிந்திருந்தாலும், கனகாம்பரம் தீர்ந்துவிட்டால் அந்த வரிசைக் கதம்பம் அதோடு நின்றுவிடும். உடல் புரதம் கட்டுவதும் அப்படியே. எந்த அமினோ அமிலம் முதலில் தீர்கிறதோ, வேலை அதோடு நிற்கும். மீதமுள்ளவை புரதம் கட்ட உதவாமல், எரிபொருளாகச் செலவாகிவிடும். ஓட்ஸுக்கு முதலில் தீர்வது லைசின். அரிசிக்கும் கோதுமைக்கும்கூட அதே கதைதான். கோதுமையில் இன்னும் குறைவு.

உங்கள் வயதுப் பிள்ளைகள் சாப்பிடும் புரதத்தில், ஒவ்வொரு கிராமிலும் 48 மில்லிகிராம் லைசின் இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஓட்ஸ் புரதத்தில் ஒரு கிராமுக்கு 40ஐ ஒட்டித்தான் இருக்கிறது. பால் புரதத்தில் 75ஐ ஒட்டியும், பாசிப்பருப்பிலும் முட்டையிலும் 70ஐ ஒட்டியும் இருக்கிறது. நிலக்கடலையில்? பலரும் தவறாக ஊகிப்பது இங்கேதான். நிலக்கடலையில் புரதம் ஏராளம். 100 கிராமில் 25 கிராம் இருக்கும். ஆனால் அந்தப் புரதத்தில் ஒரு கிராமுக்கு 35 மில்லிகிராம் அளவுக்குத்தான் லைசின். பாதாமிலும் குறைவுதான்.

இப்போது தாளும் பென்சிலும் எடுங்கள். 40 கிராம் ஓட்ஸ், 5 கிராம் புரதம்: 5 × 40 = 200 மில்லிகிராம் லைசின். அதோடு 15 கிராம் நிலக்கடலை, 4 கிராம் புரதம்: 4 × 35 = 140. மொத்தம் 9 கிராம் புரதத்துக்கு 340 மில்லிகிராம். வகுத்தால் ஒரு கிராமுக்கு 38கூட வரவில்லை. புரதத்தின் அளவு கூடியது, தரம் தேறவில்லை. இதனோடு ஒரு டம்ளர் பால், அதாவது 200 மில்லி சேருங்கள். 6 கிராம் புரதம்: 6 × 75 = 450. இப்போது மொத்தம் 15 கிராம் புரதம், 790 மில்லிகிராம் லைசின். வகுத்தால் 52க்கு மேல்! தேறிவிட்டது. பாலின் மிச்ச லைசின் ஓட்ஸுக்கும் கடலைக்கும் கை கொடுத்துவிட்டது.

ஓட்ஸ், பால், நிலக்கடலை. 15 கிராம் புரதம். பதினொரு வயதுப் பிள்ளையின் நாள் தேவையில் ஏறத்தாழப் பாதி, காலை உணவிலேயே. நான் பரிந்துரைக்கும் முதல் கிண்ணம் இதுதான்.

சமைப்போம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அடுப்பைத் தொடாதீர்கள். ஓட்ஸை வெறும் வாணலியில் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் வறுங்கள். வாசம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அந்த வாசம் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் கூடி உண்டாக்குவது. லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு அறிஞர் 1912இல் இதை விளக்கினார். அவர் பெயரால் மயார் வினை என்கிறோம். தோசையின் பொன்னிறமும், வறுத்த காபிக்கொட்டையின் மணமும் அதன் கைவண்ணமே. ஆனால் இந்த வினையில் முதலில் மாட்டிக்கொள்ளும் அமினோ அமிலம் எது தெரியுமா? லைசின்! நமக்கு ஏற்கெனவே குறைவாக இருப்பதைக் கருக்கித் தொலைக்கலாமா? வாசம் போதும், கரி வேண்டாம்.

வறுத்த ஓட்ஸில் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி வேகவிடுங்கள். பாலை முதலிலேயே ஊற்றினால், பாலில் உள்ள புரதமும் சர்க்கரையும் பாத்திரத்தின் அடியில் ஒட்டித் தீய்ந்துபோகும். ஓட்ஸ் தண்ணீரைக் குடித்துக் கெட்டியானதும் பாலை ஊற்றிக் கிளறி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். கார்பிரிட்ஜ்காரர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள்: உப்பு இல்லாத ஓட்ஸ் சப்பென்று இருக்கும். வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த கடலையை மேலே தூவுங்கள். தம்பி தங்கை மிகச் சிறியவர்களாக இருந்தால் நைசாகப் பொடித்துப் போடுங்கள். முழுக் கடலை அவர்கள் தொண்டையில் சிக்கக்கூடும். இனிப்புக்கு நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேர்த்தால் சர்க்கரை தேவைப்படாது.

முட்டை சாப்பிடும் வீடாக இருந்தால் இன்னும் 6 கிராம் கூட்டலாம். ஒரு முட்டையைக் கிண்ணத்தில் நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் கஞ்சியில் அதை அப்படியே கொட்டினால், முட்டைப் பொரியலும் கஞ்சியும் தனித்தனியாக நிற்கும். முட்டை வெள்ளைப் புரதம் 60 டிகிரியைத் தாண்டும்போதே சுருள் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகத் தொடங்கிவிடும். அதனால் சூடான கஞ்சியை முதலில் இரண்டு கரண்டி எடுத்து முட்டையில் விட்டுக் கலக்குங்கள். பிறகு அந்தக் கலவையைக் கஞ்சியில் மெல்ல ஊற்றிக்கொண்டே விடாமல் கிளறுங்கள். சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக வேகட்டும். புரதம் எங்கும் சீராகப் பின்னி, கஞ்சி பாயசம்போல் வழுவழுப்பாக வரும். பச்சை முட்டை வேண்டாம். கிருமி பயம் ஒருபுறம். வெந்த முட்டையின் புரதம்தான் உடலுக்கு நன்றாகச் சேரும் என்பது இன்னொரு புறம்.

அடுப்பே வேண்டாம் என்பவர்களுக்குச் சுவிட்சர்லாந்து மருத்துவர் மாக்ஸிமிலியன் பிர்ஷர்-பென்னர் வழி காட்டியிருக்கிறார். 1900ஆம் ஆண்டு வாக்கில், சூரிக் நகரில் தம் நோயாளிகளுக்கு இரவே ஓட்ஸை ஊறவைத்து, காலையில் துருவிய ஆப்பிளும் கொட்டைப்பருப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கொடுத்தார். மியூஸ்லி என்று இன்று விற்பதெல்லாம் அதன் வழி வந்தது. ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் வெந்தது என்று படித்தோம் அல்லவா? அதனால்தான் ஊறினாலே சாப்பிடலாம். நம் ஊர் வெயிலுக்கு வெளியே வைக்காதீர்கள். பாலில் ஊறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் கெட்டித் தயிர் சேர்த்துச் சாப்பிடலாம். தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்துவிட்டால், கேசீன் துணியில் தங்கிவிடும். அப்போது அதே ஒரு கரண்டித் தயிரில் முன்பைவிடப் புரதம் அதிகம். ஆனால் தயிரை அடுப்பில் ஏற்ற வேண்டாம். புளிப்பு அமிலத்தால் கேசீன் முன்னமே திரண்டிருக்கிறது. சூடும் பட்டால் மேலும் இறுகித் தண்ணீர் விட்டுத் திரிதிரியாகிவிடும்.

இனிப்பு பிடிக்காதவர்களுக்குப் பொங்கல். நம் வெண்பொங்கலில் அரிசியோடு பாசிப்பருப்பு சேர்வது வெறும் ருசிக்காக என்று நினைத்திருந்தால், லைசின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தானியத்தில் குறைவான லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் போதிய அளவு இருக்கிறது. அமினோ அமிலம் என்ற பெயரே உலகில் இல்லாத காலத்தில் இந்தச் சேர்க்கை நம் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. எனக்கு இதைவிட வியப்பான சமையல் செய்தி இல்லை.

அரிசிக்குப் பதில் ஓட்ஸ் போடுவோம். 25 கிராம் பாசிப்பருப்பை வாசம் வர வறுத்துத் தனியாக மலர வேகவைத்துக்கொள்ளுங்கள். அதில் 6 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பு வெந்த பிறகே 40 கிராம் ஓட்ஸைப் போட்டுத் தேவையான தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கிளறி வேகவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குக்கரில் ஏற்றாதீர்கள். ஓட்ஸ் குழைந்து பசையாகிவிடும் என்பதோடு, அதன் நுரை பொங்கி ஆவி வெளியேறும் துளையை அடைத்துவிடும், அது ஆபத்து. கடைசியில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, இரண்டு முந்திரி எல்லாம் நெய்யில் தாளித்துக் கொட்டுங்கள். 11 கிராம் புரதம். லைசின் 620 மில்லிகிராம். வகுத்துப் பார்த்தால் 56 வருகிறது. தொட்டுக்கொள்ளத் தயிர்ப் பச்சடி இருந்தால் 15 கிராமை எட்டிவிடலாம். சாப்பிடும்போது எலுமிச்சை நாலு சொட்டுப் பிழிந்துகொள்ளுங்கள். ஓட்ஸிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும்.

காலையில் பால் குடிக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம். எல்லா அமினோ அமிலமும் ஒரே வேளையில் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காலையில் ஓட்ஸ், மதியம் சாம்பார், மாலையில் சுண்டல் என்றாலும் நாள் முடிவில் கணக்கு நேராகிவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சோயா பாலோ வேகவைத்த கொண்டைக்கடலையோ சேர்த்துக்கொள்ளலாம். கடலை, கொட்டைப்பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் அவற்றை அடியோடு விட்டுவிட வேண்டும். கோதுமையின் குளூட்டன் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், ஓட்ஸ் தொடங்குமுன் அவரிடம் கேளுங்கள். ஆலையில் ஓட்ஸோடு கோதுமை கலந்துவிட வாய்ப்பு உண்டு.

புரதப் பொடி வாங்கிக் கலந்தால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். விளம்பரங்களில் வரும் தசைகளைப் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. உடல் கொழுப்பைச் சேர்த்து வைப்பதுபோலப் புரதத்தைச் சேர்த்து வைக்காது. தேவைக்கு மேல் வந்த அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரல் நைட்ரஜனைப் பிரித்து யூரியாவாக்கும். சிறுநீரகம் அதை வெளியே அனுப்பும். மீதி எரிபொருளாகவோ கொழுப்பாகவோ மாறும். பாலும் பருப்பும் கடலையும் முட்டையும் கிடைக்கும் வீட்டில், நலமாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் பொடி தேவையே இல்லை. இது என் உறுதியான கருத்து.

கடைக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். ‘புரதம் நிறைந்தது’ என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஓட்ஸ் பொட்டலத்தையும், எதுவும் போடாத சாதாரண ஓட்ஸ் பொட்டலத்தையும் கையில் எடுத்துத் திருப்புங்கள். 100 கிராமுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு சர்க்கரை என்று பின்பக்கத்தில் இருக்கும். அந்த எண்ணை 0.4ஆல் பெருக்கினால் உங்கள் 40 கிராம் கிண்ணத்தின் கணக்கு கிடைத்துவிடும். சேர்மானப் பட்டியலையும் படியுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தால் பொட்டலத்தை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். சாதாரண ஓட்ஸையும், கால் கிலோ நிலக்கடலையையும், கொஞ்சம் பாசிப்பருப்பையும் வாங்கி வாருங்கள்.